கையால் கற்கிற பிள்ளை என்று எழுதிக் கொடுத்தது யார்?

முந்திரிக்காட்டுப் பக்கம் ஒரு காலனியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாலைப் படிப்பகம் நடத்திவருகிறோம். சமுதாயக்கூடத்துத் திண்ணை, ஒரு விளக்கு, சுவரில் கறுப்பு பெயின்ட் அடித்த பலகை. இவ்வளவுதான் எங்கள் பள்ளிக்கூடம். சில வாரங்களுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணக்கு நோட்டைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்று கேட்டோம்.

"எனக்குக் கணக்கு வராதாம் சார். நான் கையால கத்துக்குற ஆளாம். பேப்பர்லயே போட்டுக் குடுத்துட்டாங்க."

மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினாள். அவள் படிக்கும் பள்ளிக்கு வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, இருபது கேள்விகளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லியிருக்கிறார். பதில்களைக் கூட்டிப் பார்த்து மாணவர்களை மூன்றாகப் பிரித்துவிட்டார்: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர். இவளுக்கு வந்தது மூன்றாவது. தாளின் அடியில் 'பொருத்தமான துறைகள்' என்று ஒரு வரி. தையல், சமையல், அழகுக்கலை, விளையாட்டு. ஊர்த்தெருவிலிருந்து வரும் அவளுடைய தோழிக்கு வந்தது முதல் வகை. அந்தத் தாளில் மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை.

அந்தப் பயிற்சியாளர் சாதி பார்த்து எழுதினார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பிள்ளைகளின் சாதி அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருப்பார். ஆனாலும் எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகள் கொண்டுவந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் இருந்தது அதே மூன்றாவது வகைதான். இது எப்படி நேர்ந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கேள்விகளைப் படித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. புதிய கைபேசி வாங்கினால் எப்படி இயக்கக் கற்றுக்கொள்வீர்கள்? குறிப்பேட்டைப் படித்தா, பிறர் சொல்லக் கேட்டா, நீங்களே அமுக்கிப் பார்த்தா? காலனி வீட்டில் கைபேசி வருவதே இரண்டாம் கையாகத்தான். குறிப்பேடு எங்கிருந்து வரும்? சொல்லிக்கொடுக்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிள்ளை தானே அமுக்கித்தான் பார்க்க வேண்டும். மூன்றாவதில் டிக் விழுகிறது. ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்? புத்தகம் படிப்பேன், பாட்டுக் கேட்பேன், கைவேலை செய்வேன். இந்தப் பெண் பள்ளிவிட்டு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரி உடைக்கிறாள். கொட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதால் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பாள். அப்படியும் அவள் விரல்நுனிகள் கறுத்துத்தான் கிடக்கின்றன. அவள் கைவேலை என்று டிக் அடித்தாள். உண்மையைத்தான் அடித்தாள்.

அந்தத் தாள் அளந்தது அவள் மூளையை என்று பள்ளி நம்பியது. அது அளந்தது அவள் வீட்டை. புத்தக அலமாரி உள்ள வீட்டுப் பிள்ளை ஒரு வகையாகவும், முந்திரிச் சாக்கு உள்ள வீட்டுப் பிள்ளை வேறு வகையாகவும் வெளியே வந்தார்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

'கற்றல் பாணி' என்ற இந்தப் பேச்சு நாற்பது ஐம்பது ஆண்டுகளாக உலகம் முழுக்கச் சுற்றிவருகிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃப்ளெமிங் 1992-இல் வெளியிட்ட கேள்வித்தாள் மிகவும் பிரபலம். பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்தல் என்று நான்காகப் பிரித்தது அது. 2004-இல் பிரிட்டனில் ஃப்ராங்க் காஃபீல்டு என்பவரும் உடன் ஆய்வாளர்களும் எண்ணிப் பார்த்தபோது இப்படிப்பட்ட வகைப்பாடுகள் மட்டும் 71 இருந்தன. ஒரே பிள்ளையை 71 விதமாகக் கூறுபோடலாம் என்றால், கூறுபோடுகிற கத்தியின் மீதே சந்தேகம் வர வேண்டாமா?

2008-இல் ஹரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இதை நேராகச் சோதிக்க ஒரு வழி சொன்னார்கள். பார்த்துக் கற்பவர் எனப்படுவோரில் பாதிப் பேருக்குப் படம் காட்டியும், மீதிப் பேருக்கு வாயால் சொல்லியும் ஒரே பாடத்தை நடத்துங்கள். கேட்டுக் கற்பவர் எனப்படுவோருக்கும் அப்படியே செய்யுங்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு வையுங்கள். அவரவர் வகைக்கு ஏற்ப நடத்தியபோது அவரவர் கூடுதல் மதிப்பெண் எடுத்தால் இந்தக் கொள்கை உண்மை. இப்படி முறையாகச் செய்யப்பட்ட சோதனைகளைத் தேடினார்கள். கிடைத்தவை மிகச் சில. அவற்றிலும் பல, கொள்கைக்கு எதிராகவே முடிந்திருந்தன. பிள்ளைகளை இப்படி வகைபிரித்துப் பாடம் நடத்துவதற்குப் போதுமான சான்று இல்லை என்று அவர்கள் எழுதினார்கள்.

சிந்திக்கும் முறையைப் பற்றிய பேச்சும் இப்படித்தான். இடது மூளைக்காரர் கணக்குப் போடுவார், வலது மூளைக்காரர் படம் வரைவார் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். சில வேலைகள் மூளையின் ஒரு பக்கத்தில் கூடுதலாக நடப்பது உண்மை. ஒரு மனிதரே இடது மூளைக்காரர் அல்லது வலது மூளைக்காரர் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. பன்முக அறிவுத்திறன் என்ற கருத்தை 1983-இல் முன்வைத்த ஹோவர்டு கார்ட்னரே, தன் கருத்தையும் கற்றல் பாணியையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் என்று 2013-இல் எழுத வேண்டியதாயிற்று. கைரேகையைப் பதிந்துகொண்டு பிள்ளையின் மூளை இப்படி என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் கடைகள் இப்போது சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. அதற்கு அறிவியல் அடிப்படையே கிடையாது.

பிள்ளைகளுக்குள் வேறுபாடே இல்லை என்று நாம் வாதிடவில்லை. ஒருவருக்குப் படம் பிடிக்கும், ஒருவருக்குக் கதை பிடிக்கும். பிடிப்பது வேறு, அதனால் மட்டுமே கற்க முடியும் என்பது வேறு. பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெய்லும், காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழியும் கொடுப்பது அவர்களின் உரிமை. எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் தனிச் சிரமம் உள்ள பிள்ளைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அவை உண்மையான தேவைகள். இருபது கேள்விக்கு டிக் அடித்துக் கண்டுபிடிப்பவை அல்ல.

எந்தப் புலன் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. வரைபடத்தைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டைக் காதால் கேட்டு நாவால் சொல்லித்தான் பழக வேண்டும். கவராயம் பிடித்து வட்டம் வரையக் கை பழக வேண்டும். இதில் ஊர்த்தெருக் கண், காலனிக் கை என்று தனித்தனியாக எதுவும் இல்லை.

பெயர் ஒட்டினால் என்ன ஆகும்?

'சும்மா ஒரு தாள்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பெரிய பேச்சு?' என்று சிலர் கேட்கலாம். பெயர் ஒட்டுவது பிள்ளையை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். உலக வங்கி 2004-இல் அந்த ஆய்வை வெளியிட்டது. யார் என்ன சாதி என்று சொல்லாமல் புதிரைக் கொடுத்தபோது உயர்சாதிப் பையன்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் ஏறக்குறைய சமமாகவே போட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் வாசித்துவிட்டுக் கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைந்தது. புதிர் அதே புதிர்தான். மாறியது, உன்னை யாராகப் பார்க்கிறோம் என்று அவனுக்குச் சொன்ன அந்த ஒரு வாசகம்.

இதை நம் முன்னோர் ஆய்வு இல்லாமலே அறிந்திருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் பள்ளிக்கு வெளியே எங்காவது இருந்து வாசித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைந்ததை 1939-இல் வெளியான தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் பதிவு செய்திருக்கிறார். அண்ணல் அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச் சாக்கின் மீது தனியே உட்கார்ந்து படித்தார். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் அவரைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் இருந்த தங்கள் சாப்பாட்டுப் பெட்டிகள் தீட்டாகிவிடும் என்று மற்ற மாணவர்கள் ஓடிப்போய் எடுத்ததை அவருடைய வரலாறு சொல்கிறது. அந்தச் சிறுவன் பார்த்துக் கற்பவனா, கேட்டுக் கற்பவனா என்று கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது? பலகைக்குப் போகும் வழியே அடைபட்டிருந்தது.

'கையால் கற்பவர்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு 1953 நினைவுக்கு வருவது இதனால்தான். ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். அதுவும் கையால் கற்கச் சொன்னதுதான். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரின் திராவிடர் கழகமும் பிற இயக்கங்களும் எதிர்த்துப் போராடின. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. அன்று அரசாணையாக வந்தது எதிர்க்கக் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று ஒரு பிள்ளையின் பைக்குள் மடித்த தாளாக வரும்போது எதிர்க்க ஆள் இல்லை. பிள்ளையே அதை நம்பிவிடுகிறது.

கையில் தொடங்கி நோட்டுக்குப் போவது

நாங்கள் கையை இழிவாகப் பேசவில்லை. கை வேலை செய்தே இந்த நாட்டுக்குச் சோறு போட்டவர்கள் நம் மக்கள். எங்கள் கோபம், கையோடு நிறுத்திவிடுவதன் மேல்தான்.

அந்தத் தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவளிடம் ஒரு கேள்வி கேட்டோம். 80 கிலோ மூட்டையை உடைத்தால் பருப்பு 20 கிலோ தேறுகிறது என்று வைத்துக்கொள். நூறு கிலோ உடைத்தால் எவ்வளவு தேறும்? அவள் நோட்டைத் தொடாமலே "இருபத்தஞ்சு" என்றாள். எப்படி என்று கேட்டதற்கு, "நாலுல ஒரு பங்குதானே சார்" என்றாள். அதைத்தான் புத்தகத்தில் 25 சதவீதம் என்று போட்டிருக்கிறது என்றதும் சற்று நேரம் எங்கள் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பலகைக்கு அழைத்து அதையே எழுத்தாகப் போடச் சொன்னோம். மூட்டையின் எடையை x என்று வைத்துக்கொள் என்றோம். முதலில் x அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் தானாகவே ஒரு கணக்கை உண்டாக்கிக்கொண்டு வந்தாள்.

முந்திரி அவளுக்குக் கணக்கின் வாசலைத் திறந்தது. ஆனால் முந்திரியிலேயே அவளை உட்கார வைத்திருந்தால் x வந்திருக்காது. தெரிந்த பொருளில் தொடங்கி, படமாக வரைந்து, வாயால் சொல்ல வைத்து, கடைசியில் குறியீடாக எழுதப் பழக்குவது நல்ல ஆசிரியர்கள் எல்லாரும் செய்வது. அது எல்லாப் பிள்ளைக்கும் தேவை. மருத்துவம், பொறியியல் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட அந்தத் தோழிக்கும்தான்.

நம் மாநிலத்துக்கு இந்த அனுபவம் உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் அட்டையைப் பார்த்தார்கள், பாடினார்கள், பொருள்களைத் தொட்டு எண்ணினார்கள், எழுதினார்கள். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்கே கரும்பலகை. அந்த முறையில் குறைகளும் இருந்தன. ஆனால் எல்லாப் புலனும் எல்லாப் பிள்ளைக்கும் என்ற எண்ணம் சரியானது.

இப்போதுள்ள 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்களே, அதுவும் வகைதானே என்று ஒரு ஆசிரியர் எங்களிடம் கேட்டார். நல்ல கேள்வி. அது நிலை. இன்று அரும்பில் இருக்கும் பிள்ளை அடுத்த பருவத்தில் மொட்டுக்குப் போகலாம், போக வைப்பதுதான் ஆசிரியரின் வேலை. கற்றல் பாணி என்பது அப்படியல்ல. நீ இப்படிப்பட்டவள் என்று சொல்லி முடித்துவிடுகிறது. நிலை என்றால் நாளைக்கு இடம் இருக்கிறது. பிறவிக் குணம் என்றால் இடமில்லை. பிறப்பை வைத்து முடிவுகட்டும் பழக்கத்தால் ஈராயிரம் ஆண்டுகள் அடிபட்டவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று புரியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அரும்புப் பிள்ளைகள் ஆண்டு முழுக்க அரும்பாகவே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால், அந்த மூலையில் பெரும்பாலும் காலனிப் பிள்ளைகளே இருந்தால், அதுவும் வகையாகிவிடும். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் அளித்த அறிக்கையில், வகுப்பறையில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்றும் சொன்னது. கையில் கட்டிய கயிறு கண்ணுக்குத் தெரிகிறது. தாளில் கட்டும் கயிற்றையும் கவனிக்க வேண்டும்.

எதைச் செய்யலாம்?

மாணவர்களுக்கு முதலில். எந்த வகை என்று உங்களுக்குத் தாள் கொடுத்திருந்தாலும் அதை நம்பிப் பாடத்தை விடாதீர்கள். ஆய்வுகள் உறுதியாகச் சொல்லும் வழிகள் இரண்டு உண்டு, இரண்டுக்கும் காசு தேவையில்லை. படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது நன்றாக மனத்தில் நிற்கும். இரண்டாவது, ஒரே இரவில் நான்கு மணி நேரம் படிப்பதை நான்கு நாளுக்கு ஒரு மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முந்திரி உடைக்கும்போதும், மாட்டுக்குப் புல் அறுக்கும்போதும் காலையில் படித்ததை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம். எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டே பாதிப் பாடத்தை முடிக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு. படம், பேச்சு, செயல், எழுத்து எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுங்கள். கரும்பலகைக்கு யாரை அழைக்கிறீர்கள், வகுப்பைப் பெருக்கவும் தண்ணீர் எடுக்கவும் யாரை அழைக்கிறீர்கள் என்று ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். வேறு யாருக்கும் காட்ட வேண்டாம், நீங்களே பாருங்கள்.

பெற்றோருக்கு. அந்தப் பெண்ணின் தாய் எங்களிடம் கேட்டார்: "ஏன் சார், எம் பொண்ணுக்கு மூளை கம்மின்னு எழுதியா குடுத்திருக்காங்க? எனக்குப் படிக்கத் தெரியாது, அதான் கேக்குறேன்." இல்லம்மா, தாள்தான் தப்பு என்றோம். ஆனால் இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்பதைவிடப் பள்ளியில் கேட்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளைக்கு இந்தச் சோதனையை வைத்தது யார்? யாரைக் கேட்டு வைத்தார்கள்? இதன் முடிவு என் பிள்ளை எடுக்கப்போகும் பாடப்பிரிவைத் தீர்மானிக்குமா?

நாங்களும் அந்தத் தாயோடு போகிறோம். அவர் மகள் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவு எடுக்கப்போவதாக இப்போதே சொல்லத் தொடங்கியிருக்கிறாள். எடுப்பாளா, வேறொன்றை எடுப்பாளா என்பது அவள் விருப்பம். அவளுக்கு முன்னால் எந்தக் கதவும் இருபது டிக்குகளால் மூடப்பட்டிருக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது நம் வேலை.